நாலு விரல் ஆழம்

மண் அளவையாளன் எந்த ஊருக்குப் போனாலும் அவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இது நல்ல மண்ணா?" என்பதுதான். இந்தோனேசியாவின் தெற்குக் காலிமந்தானில், பாரிட்டோ ஆற்றின் தாழ்நிலத்தில், அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. "எத்தனை ஆழத்தில்?" என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை சொல்ல முடியும். மேலே நாலு விரல் மண் நெல்லை விளைவிக்கும். அதே இடத்தில் ஒரு முழம் கீழே இருக்கும் மண் காற்றைக் கண்டால் கந்தக அமிலமாக மாறும். இரண்டும் ஒரே வயலில், ஒரே குடும்பத்தின் நிலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கீழே இருப்பதைக் கிளறாமல், மேலே இருப்பதை மட்டும் நம்பிப் பல தலைமுறைகளாக நெல் விளைவித்துவரும் ஒரு சிறிய கிராமத்தில் என் தொழில் வாழ்க்கையின் சிறந்த பகுதி கழிந்தது. என் தொழிலைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதியை அந்த ஊர்தான் கற்றுத் தந்தது.

நான் மண் பார்க்கப் பழகியது மலேசியாவின் சிலாங்கூர் கடலோரத்தில். அங்கேயும் இதே வகைக் களிமண் உண்டு. தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டிய வடிகால்களின் கரைகளில், காய்ந்த வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகளை முதன்முதலாகப் பார்த்தேன். அது ஜாரோசைட் என்னும் கனிமம். அமிலம் ஏற்கெனவே பிறந்துவிட்டது என்பதற்கு மண் காட்டும் அடையாளம். பின்னர் பேராக் மாநிலத்தின் கிரியான் பகுதியில் வேலை கிடைத்தது. 1906-இல் முடிந்த பெரிய பாசனத் திட்டத்தால் நெல்லுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. அங்கே தெற்குக் காலிமந்தானிலிருந்து கடல் தாண்டி வந்து குடியேறிய பஞ்சார் மக்கள் நிறைய. அவர்கள் வீட்டுச் சுவர்களில் நீண்ட அலகும் மரக்காம்பும் கொண்ட ஒரு கருவி மாட்டியிருக்கும். தாஜாக் என்றார்கள். அதை வைத்து உழுவதில்லை, களையை வெட்டுவது மட்டும்தான் என்று சொன்னபோது, உழாமல் எப்படி நெல் விளையும் என்று எனக்கு விளங்கவில்லை. "எங்கள் பாட்டன்மார் ஊருக்குப் போய்ப் பாருங்கள்" என்றார்கள். பாரிட்டோவில் மண் ஆய்வுக்கு ஆள் தேவை என்று தெரிந்தபோது தயங்காமல் கிளம்பினேன்.

பாரிட்டோ சுமார் 900 கிலோமீட்டர் ஓடி ஜாவாக் கடலில் கலக்கிறது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்கூட ஆற்றில் கடலின் ஏற்றமும் வற்றமும் தெரியும். நிலம் அவ்வளவு சமம். ஏற்றத்தின்போது கடல்நீர் அத்தனை தூரம் மேலே வருவதில்லை. ஆற்றின் நன்னீரைத்தான் கடல் பின்னால் தள்ளுகிறது. அந்த நன்னீர் கரையேறி வயலுக்குள் நுழைந்து, சில மணி நேரம் நின்று, மீண்டும் இறங்குகிறது. பம்பு இல்லை, அணை இல்லை, மின்சாரம் இல்லை. கடலே நீர் பாய்ச்சுகிறது, கடலே வடிக்கவும் செய்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில் நீர் மிக உயரமாக ஏறும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் தணிந்திருக்கும். இதை வைத்துத்தான் எங்கள் தொழிலில் நிலத்தை நான்காகப் பிரிக்கிறோம். பெரிய ஏற்றம், சிறிய ஏற்றம் இரண்டிலும் நனைவது ஏ வகை. பெரிய ஏற்றத்தில் மட்டும் நனைவது பி. மேலே நீர் வராமல், நிலத்தடி நீர் அரை மீட்டருக்குள் நிற்பது சி. அதற்கும் கீழே போனால் டி. ஊர்க்காரர்களுக்கு இந்த எழுத்துகள் வேண்டியதில்லை. எந்த வயலில் எந்தப் பிறைக்கு நீர் வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

நான் தங்கிய ஊர் பாரிட்டோவுக்கும் கப்புவாஸ் முருங் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் புலாவ் பெதாக் என்னும் தீவு நிலத்தில் இருந்தது. ஊர் என்றால் தெரு இல்லை, வாய்க்கால்தான். அதற்கு ஹண்டில் என்று பெயர். ஆற்றங்கரையிலிருந்து உட்காட்டை நோக்கி இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கையாலேயே வெட்டிய வாய்க்கால். அகலம் இரண்டு மூன்று மீட்டர், ஆழம் ஒரு மீட்டருக்குள். ஒரு தலைவரின் கீழ் சில குடும்பங்கள் சேர்ந்து வெட்டத் தொடங்குவார்கள். இரு கரைகளிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலம் அளந்துவிடப்படும். முதல் ஆண்டுகளில் கொஞ்ச தூரம்; அந்த நிலம் பக்குவப்பட்ட பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே. பல ஹண்டில்களுக்கு வெட்டிய தலைவரின் பெயரே பெயராக நின்றுவிட்டது. வீடுகள் கால்கள் ஊன்றிக் கரையோரம் நிற்கும். வீட்டுக்கு வீடு போகப் பலகைப் பாதை, வயலுக்குப் போக ஜூகுங் என்னும் சிறு தோணி, சந்தைக்குப் போக மோட்டார் வைத்த க்ளோதோக்.

இரண்டு ஆறுகளை இணைக்கும் பெரிய கால்வாய்களும் உண்டு. அவற்றை அஞ்சிர் என்கிறார்கள். டச்சு ஆட்சியில் 1880-களில் வெட்டத் தொடங்கிய அஞ்சிர் செராபாட் சுமார் 28 கிலோமீட்டர் நீளம். படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட அந்தக் கால்வாயின் இருபுறமும் பஞ்சார் உழவர்கள் தாங்களாகவே ஹண்டில்களை வெட்டி நெல் நிலமாக்கினார்கள். ஸ்கோப்ஹாய்ஸ் என்னும் டச்சு வேளாண் அறிஞர் 1936-இல் பாரிட்டோ படுகையின் விவசாயத்தை ஆராய்ந்து ஆய்வேடு எழுதியபோது, எழுதுவதற்கு அங்கே ஏற்கெனவே முழுமையான ஒரு வேளாண்மை இருந்தது.

அந்த மண் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தச் சமவெளி அலையாத்திக் காடாக இருந்தது. கடல்நீரில் சல்பேட் இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டலில் இரும்பு இருக்கிறது. மரங்களின் வேரும் இலையும் அழுகிய சேற்றில் காற்று இல்லை. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்ற, அது இரும்போடு கூடிப் பைரைட் ஆனது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக, நீலச் சாம்பல் களிமண் முழுக்க அது பரவிக் கிடக்கிறது. கடல் விலகியது, அலையாத்தி போனது, மேலே ஆற்று வண்டலும் சில இடங்களில் முழுதும் மக்காத தாவர அடுக்கான கரியும் மூடின. நீருக்கடியில் இருக்கும்வரை பைரைட் யாருக்கும் கெடுதல் செய்யாது. வடிகால் வெட்டி நீர்மட்டத்தை இறக்கினால் காற்று உள்ளே போகும். பைரைட் ஆக்சிகரணமாகிக் கந்தக அமிலம் பிறக்கும். மண்ணின் பி.எச். மூன்றரைக்கும் கீழே போய்விடும். அமிலம் களிமண்ணைக் கரைத்து அலுமினியத்தை விடுவிக்கும். வேர் கருகி நின்றுவிடும்.

என் வேலை அந்தப் பைரைட் எத்தனை ஆழத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. கருவிகள் எளியவை. இளகிய சேற்றுக்கு நீளவாக்கில் பாதியாகப் பிளந்த குழாய் போன்ற ஆகர் என்னும் மண்துளைப்பான். மேலே கெட்டியான மண்ணுக்குத் திருகு ஆகர். உடம்பின் எடையைக் கொடுத்து நேராக இறக்கி, ஒரு திருப்புத் திருப்பி, மெதுவாக இழுக்க வேண்டும். குழாயில் வந்த மண்ணைப் பலகைமேல் ஆழ வரிசையில் அடுக்கி, மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு நிறத்தைக் குறிக்க வேண்டும். பழுப்பு, பிறகு சாம்பல், பிறகு நீலச் சாம்பல். பிறகு கைக்குள் வைத்துப் பிசைய வேண்டும். விரலிடுக்கில் வழிந்தால் இன்னும் பக்குவப்படாத சேறு. பெரும்பாலும் அங்கேதான் பைரைட் இருக்கும். அழுகிய முட்டை நாற்றமும் துணை சொல்லும். உறுதி செய்ய 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில துளி விடுவோம். நுரைத்துக் கொதித்து, பி.எச். தாள் இரண்டரைக்கும் கீழே காட்டினால் சந்தேகமில்லை. அந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். முழங்கால் சேற்றில் நடந்து, நூறு மீட்டருக்கு ஒன்று, ஒரு கோட்டில். எளிய வேலைதான். ஆனால் ஒரு புள்ளியைத் தவிர்த்தால் ஒரு குடும்பத்தின் வயலைத் தவிர்த்ததாகும் என்பதை நான் எப்போதும் நினைவில் வைத்திருந்தேன்.

ஊரில் எல்லோரும் ஜூலாக் என்று அழைக்கும் பெரியவர் ஒருவர் என்னோடு நடப்பார். பெற்றோரின் மூத்த உடன்பிறப்பை அழைக்கும் முறைப்பெயர் அது. நானும் அப்படியே அழைத்தேன். ஆகரை இறக்குவதற்கு முன் அவர் சுற்றிப் பார்த்து, "ஐயா, இங்கே ஆழமாகப் போக வேண்டியதில்லை, முழங்கையளவில் கிடைக்கும்" என்பார். இறக்கினால் அப்படியே இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பூருனைக் காட்டுவார். குழல்போன்ற தண்டுடைய, கோரையினத்துப் புல் அது; அமிலம் மிகுந்த தாழ்ந்த நிலத்தில் மற்றவை செத்தாலும் இது தழைக்கும். காலாம் மரங்கள் கூட்டமாக நின்றால் அந்த நிலம் ஒருமுறை காய்ந்து அமிலமானது என்று அர்த்தம். வாய்க்கால் நீர்மேல் துருநிறப் படலம், எண்ணெய் மினுங்குவதுபோல் தெரிந்தால் இரும்பு கரைந்து வருகிறது. நெல் இலை நுனியிலிருந்து செம்பழுப்பாக மாறுவதும் அதனால்தான். பாரிட்டோவின் நீர் எப்போதும் கலங்கலாகத்தான் இருக்கும். வாய்க்கால் நீர் திடீரென்று பளிங்குபோல் தெளிந்தால் வெளியூர்க்காரன் மகிழ்வான், ஜூலாக் கவலைப்படுவார். அமிலத்தோடு கரைந்து வந்த அலுமினியம் கலங்கலை எல்லாம் அடியில் படியவைத்துவிட்டது என்பதே அந்தத் தெளிவுக்குக் காரணம்.

அவர் வயலில்தான் தாஜாக் வேலை செய்வதைச் சரியாகப் பார்த்தேன். மழை தொடங்கி வயலில் முழங்கால் நீர் நின்ற பிறகுதான் நிலம் தயாராக்குவார்கள். நீருக்குள் நின்றபடி தாஜாக்கை ஓங்கி வீசி, களையை வேரடியோடு மண்ணின் மேல்தோலை ஒட்டிச் சீவுவார்கள். அலகு நாலு விரலுக்கு மேல் ஆழமாகப் போவதில்லை. அதன் கோணமே அப்படி. சீவிய களையை நீரிலேயே ஊறவிட்டு, பாதி அழுகியதும் பந்துகளாகச் சுருட்டி வைப்பார்கள். சில நாள் கழித்துப் புரட்டிவிடுவார்கள். நன்றாக மக்கியதும் வயல் முழுக்கப் பரப்புவார்கள். களை உரமாகிறது. மண்ணுக்குள் காற்று போகவே இல்லை. அழுகும் தாவரம் நீரிலுள்ள ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்வதால் கீழே இருக்கும் பைரைட் கலையாமல் இருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் படித்த மண் வேதியியல் முழுவதும் அந்த ஒரு வரிசையில் நடந்துகொண்டிருந்தது. தாஜாக்குகளை நாகாரா ஊர்க் கொல்லர்கள் அடிக்கிறார்கள். நல்ல தாஜாக்குக்கு ஊரில் மதிப்பு உண்டு. அப்பாவின் தாஜாக்கை மகன் தீட்டித் தீட்டிப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

நாற்று வேலையும் அதே பொறுமையுடையது. அக்டோபர், நவம்பரில் மேட்டில் குச்சியால் குழி போட்டு விதைப்பது தாராடாக். ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, வயலோரத்தில் நீர் குறைந்த இடத்தில் நடுவது அம்பாக். அங்கே தூர் கட்டிய பிறகு பிரித்து வயலின் ஒரு பகுதியில் மறுபடி நடுவது லாச்சாக். மார்ச், ஏப்ரலில்தான் கடைசி நடவு. அப்போது நாற்றுக்கு வயது நாலைந்து மாதம், உயரம் முழங்காலைத் தாண்டும். துதுஜா என்னும் மரக்குச்சியால் குழி செய்து ஊன்றுவார்கள். ஏன் இத்தனை முறை? ஒவ்வொரு நடவிலும் ஒரு தூர் பலவாகப் பெருகுவதால் சில கிலோ விதையே ஒரு ஹெக்டேருக்குப் போதும். மழைக்காலத்தின் ஆழமான நீரில் குட்டை நாற்று மூழ்கிச் சாகும். உயர்ந்த நாற்று தலை நீட்டி நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோடையில் பிறந்த அமிலத்தைப் பல மாத மழை கழுவிய பிறகுதான் கடைசி நடவு. நெல் வயலுக்குள் இறங்கும்போது நிலம் சாதுவாகியிருக்கும்.

சியாம் உனுஸ், பாயார், லெமோ, பண்டாக் என்று அந்த நெல்களுக்குப் பெயர். பகல் நீளம் குறைவதை உணர்ந்து பூப்பவை. நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை தெற்கே பகல் நீளம் சில நிமிடமே மாறும். அதையும் இந்த நெல் அறியும். அதனால் விதைப்பு முன்பின்னாக இருந்தாலும் பூப்பது ஏறக்குறைய ஒன்றாக நடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அறுவடை. கதிர் கதிராகக் கொய்யும் சிறு கத்தியோடு பெண்கள் வரிசையாக வயலில் இறங்குவார்கள். இப்போது அரிவாளும் இயந்திரமும் வந்துவிட்டன. ஹெக்டேருக்கு இரண்டு, மூன்று டன் என்பது நல்ல விளைச்சல். ஆண்டுக்கு ஒரே போகம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் உரச் செலவு மிகக் குறைவு; பஞ்சார் மக்கள் விரும்பும் உதிரி உதிரியான, நீளமான மெல்லிய அரிசிக்குப் பஞ்சார்மாசின் நகரச் சந்தையில் மற்ற அரிசியைவிடக் கூடுதல் விலை. சோறும், வயல் நீரில் பிடித்த விராலும் பனையேறிக் கெண்டையும், எலுமிச்சை பிழிந்த சம்பலும். அந்த ஊரின் எந்த வீட்டிலும் எனக்கு அது கிடைத்தது.

கோடை தொடங்கும்போது ஹண்டில்களில் தாபாட் போடுவார்கள். மரக்கட்டைகளும் மண்ணும் கொண்டு வாய்க்காலின் குறுக்கே போடும் தடுப்பு அது. நீர் வடிந்துபோகாமல் நிற்கும். நிலத்தடி நீர்மட்டம் பைரைட் அடுக்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். மழை வந்ததும் தாபாட்டைத் திறந்து பழைய நீரை வெளியேற்றுவார்கள். எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதை ஹண்டில் தலைவரும் குடும்பங்களும் கூடி முடிவு செய்வார்கள். தலைவர் சொன்ன நாளில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும். வராதவர்கள் மறுநாள் வந்து தங்கள் பங்கைச் செய்தார்கள்; அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இதே சமவெளியில் அரசு 1969 முதல் பெரிய அளவில் நிலம் திறந்தது. ஜாவாவிலிருந்தும் பாலியிலிருந்தும் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. கஜா மாடா பல்கலைக்கழகம் வடிவமைத்த, முள்கரண்டி வடிவக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. வந்தவர்கள் உழைப்பாளிகள். அவர்களுடைய சொந்த மண் எரிமலைச் சாம்பல் மண். மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தினால் விளையும் மண். அதே மண்வெட்டியோடு இங்கே கொத்தினார்கள். ஆழமான கால்வாய்கள் நீரை வடித்தன, மண்வெட்டி கீழ்மண்ணை மேலே கொண்டுவந்தது. பைரைட் ஆழமின்றி இருந்த பகுதிகளில் சில ஆண்டுகளில் பூருனும் காலாமும் மூடின; குடும்பங்கள் வெளியேறின. மண் பொறுத்த இடங்களில், பஞ்சார் அண்டை வீட்டாரிடம் தாஜாக்கும் சியாம் நெல்லும் வாங்கிக்கொண்டவர்கள் நிலைத்தார்கள். அவர்கள் வயல்மேட்டில் கட்டிய ஆரஞ்சுத் தோப்புகள் இன்று அந்தப் பகுதியின் பெருமை. அந்த மேடுகளுக்கும் ஒரு விதி உண்டு: மேல்மண்ணை மட்டுமே அள்ளி உயர்த்த வேண்டும், நீலக் களியைத் தொடக்கூடாது.

1995-இல் மத்தியக் காலிமந்தானில் இதைவிடப் பெரிய திட்டம் வந்தது. பாரிட்டோ, கப்புவாஸ், கஹாயான் ஆறுகளுக்கிடையே 10 லட்சம் ஹெக்டேர் நெல் என்று சொல்லி, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். பெரும்பகுதி கரி நிலம். வடிந்த கரி சுருங்கி இறங்கியது. 1997-இன் வறட்சியில் மாதக்கணக்கில் எரிந்து புகை தென்கிழக்காசியாவின் பல பகுதிகளுக்கும் பரவியது. 1999-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. நெல் விளையவில்லை, காடும் போயிற்று. அந்தக் கால்வாய்களின் கரையில் நின்று ஆகர் இறக்கியபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் குறையவில்லை. எத்தனை ஆழத்தில் என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்வியை முதலில் கேட்டு, அதன் விடைக்குக் கட்டுப்பட்டிருந்தால் அந்தக் கால்வாய்களில் பெரும்பாலானவை வெட்டப்பட்டிருக்காது.

எங்கள் ஊருக்கும் அந்தச் சோதனை சிறிய அளவில் வந்தது. ஹண்டில் தூர்ந்துவிட்டது என்று வெளியிலிருந்து பணம் வந்தது. ஒப்பந்தக்காரர் அகழ்வு இயந்திரம் கொண்டுவந்தார். ஊர் ஒரு பருவம் முழுக்கச் செய்யும் வேலை சில நாளில் முடிந்தது. ஆனால் அளவான ஆழத்தைத் தாண்டித் தோண்டினார்கள். கரை நெடுக நீலச் சாம்பல் களி குவிந்தது. ஜூலாக் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெராக்சைடு விட்டேன், என் கையில் சூடு ஏறும்வரை கொதித்தது. கோடையில் அந்தக் குவியல் மஞ்சளானது. முதல் மழையில் ஹண்டில் நீர் அடிமண் தெரியும்படி தெளிந்தது. விரால்கள் மேலே மிதந்தன.

தொழுகைக்கூடத்தில் ஊர் கூடியது. சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யலாமா என்று இளைஞர்கள் கேட்டார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு பைரைட் கந்தகம் இருந்தால், அது முழுவதும் அமிலமாகும்போது ஒரு டன் மண்ணுக்கு ஏறத்தாழ 31 கிலோ சுண்ணாம்பு வேண்டும். ஒரு ஹெக்டேரில் பத்து சென்டிமீட்டர் ஆழ மண் சுமார் 1,000 டன். அப்படியானால் அந்தப் பத்து சென்டிமீட்டருக்கு மட்டும் 31 டன் சுண்ணாம்பு. எந்த உழவனாலும் அது முடியாது. இந்த மண்ணுக்கு மருந்து நீர்தான்.

ஹண்டில் தலைவர் எழுந்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார். வயலுக்குள் போகும் சிறு வாய்க்கால்கள் எல்லாம் அன்றே அடைக்கப்பட்டன. அமில நீர் நாற்றங்காலை நெருங்கவில்லை. பெரிய ஏற்றம் வரும்போது ஆற்று நீரை ஹண்டிலுக்குள் நிறைய விட்டு, வற்றும்போது முழுவதும் இழுத்துப் போகவிட்டார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தவறாமல் இதைச் செய்தார்கள். கரைக்குவியலைத் தோணிகளில் ஏற்றி, ஆண்டு முழுதும் நீர் நிற்கும் பள்ளங்களில் கொட்டி மூழ்கடித்தார்கள். எந்தக் குவியலை முதலில் எடுக்க வேண்டும், எங்கே பள்ளம் போதுமான ஆழம் என்று குறித்துக் கொடுப்பது என் பங்கு. சில மழைக்காலங்களுக்குப் பிறகு நீர் மீண்டும் கலங்கலானது. அந்தக் கலங்கலைப் பார்த்து ஊர் கொண்டாடியது.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏ, பி வகை நிலங்களில் ஒரு வாய்க்காலில் நீரை உள்ளே விட்டு மறு வாய்க்காலில் வெளியேற்றும் ஒருவழி ஓட்டம் நன்றாக வேலை செய்கிறது. ஏற்றத்தில் தானே திறந்து வற்றத்தில் தானே மூடும் மடிப்புக் கதவுகள் அதற்கு உதவுகின்றன. சியாம் உனுஸைக் கலந்து உருவாக்கிய மார்கசாரி போன்ற குறுகிய கால ரகங்கள் 2000-இல் வெளியாயின. அரிசியின் உதிரித்தன்மை காப்பாற்றப்பட்டதால் மக்கள் ஏற்றார்கள். உள்ளூர் நெல் நாற்றாக வளரும் மாதங்களில் வயலின் மற்றப் பகுதியில் குறுகிய கால நெல்லை விளைவித்து, அதை அறுத்த பின் உள்ளூர் நாற்றைப் பரப்பி நடும் முறையை உழவர்களும் அலுவலர்களும் சேர்ந்து செம்மைப்படுத்தினார்கள். ஆண்டுக்கு இரண்டு அறுவடை கிடைக்கிறது, மண் கிளறப்படுவதில்லை. புதுமை மண்ணின் அடுக்கை மதித்தால் நிலைக்கிறது. மதிக்காவிட்டால் எத்தனை பணம் போட்டாலும் பூருன்தான் விளைகிறது.

இன்று அந்த ஊரின் பிள்ளைகள் பலர் ஆற்றில் நிலக்கரிப் படகுகளிலும், உட்பகுதியில் செம்பனைத் தோட்டங்களிலும் வேலை செய்கிறார்கள். தாஜாக் வீச ஆள் குறைகிறது. சுழல் கலப்பையை வாடகைக்கு எடுப்பது எளிதாகிவிட்டது. அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. நீரில் குனிந்து தாஜாக் வீசுவது முதுகை ஒடிக்கும் வேலை. ஆனால் கலப்பையின் பற்களை எந்த ஆழத்துக்கு வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். பைரைட் முப்பது சென்டிமீட்டரில் தொடங்கும் வயலுக்கு ஒரு ஆழம், எழுபதில் தொடங்கும் வயலுக்கு இன்னொன்று. ஊரின் ஒவ்வொரு வயலுக்கும் அந்த எண்ணை எழுதி, பெரிய தாளில் வரைந்து, தொழுகைக்கூடத்தின் சுவரில் ஒட்டக் கொடுத்தேன். என் வாழ்நாளில் வரைந்த வரைபடங்களில் அதிகம் பார்க்கப்பட்டது அதுதான்.

2020-இல் மத்தியக் காலிமந்தானில் மீண்டும் பெரிய உணவு உற்பத்தித் திட்டம் தொடங்கி, பழைய கால்வாய்கள் தூர்வாரப்பட்டன. அங்கே வேலைக்குப் போகும் இளைய அளவையாளர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரம் வருவதற்கு முன் ஆகரோடு போங்கள். பைரைட் ஆழத்தை அறிக்கையின் பின்னிணைப்பில் வைக்காதீர்கள். முதல் பக்கத்தில் எழுதுங்கள். திட்டத்தை நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாய்க்காலின் ஆழத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் ஹண்டில் தலைவருக்கு ஓர் இடம் கொடுங்கள். அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு மீட்டர்கூடத் தோண்ட வேண்டாம். அந்த ஆழத்துக்கு விலை கொடுக்கப்போவது அவருடைய ஊர்தான்.